ஹொண்டா ஜெட்டும் நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் 'பணக்காரர்களின் பறக்கும் கார்' என்ற தலைப்பில் ஹொண்டா ஜெட் என்ற சின்ன விமானத்தைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு வந்த என் பேத்தி, "தாத்தா, இதுல எஞ்சின் ஏன் றெக்கைக்கு மேல நிக்குது?" என்று கேட்டாள். பதில் கட்டுரையில் இருக்கும்தானே என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். எந்தெந்தப் பிரபலத்துக்கு ஆசை, உள்ளே இருக்கைக்கு என்ன தோல், விலை நம்முடைய காசில் எத்தனை கோடி, எல்லாம் இருக்கிறது. அவள் கேட்டதற்கு மட்டும், "அழகுக்காக இறக்கை மேல் பொருத்தப்பட்டுள்ளது" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. எழுத உட்கார்ந்த பிறகு வேறு சிலதும் கண்ணில் பட்டன, அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், கணக்கு வருகிற இடங்களை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் விமானம் படித்தவன் இல்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், 36 வருஷம் இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவன். ரோலர், டிரையர், கொழுந்து வாட்டுகிற பெரிய விசிறிகள், இவைதான் என் படிப்பு. ஹொண்டா என்றால் எங்களுக்குத் தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், கொஞ்சம் வசதியானவர்களுக்கு மோட்டார் சைக்கிள். விமானத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை, மகன் கட்டாரில் வேலை செய்தபோது. ஆனால் விமானங்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசிக்கிற பைத்தியம் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. அது எப்படித் தொற்றியது என்று பிறகு சொல்கிறேன்.

சின்னப் பிழையை முதலில் முடித்துவிடுவோம். இந்த விமானம் 1,437 மைல் பறக்கும், அதாவது 2,299 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறீர்கள். 1,437 சரிதான், ஹொண்டா ஜெட்டின் 'எலீட்' மாதிரிக்குக் கம்பனி சொல்லும் தூரம் அது. ஆனால் அது கடல் மைல். ஆகாயத்தில் மைல் என்றால் 1.852 கிலோமீற்றர், நம்முடைய ரோட்டு மைலைப் போல 1.6 இல்லை. பெருக்கிப் பாருங்கள், 2,661 வரும். இது என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து டில்லிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 2,400 கிலோமீற்றர். உங்கள் கணக்கை நம்பி ஏறினால் டில்லிக்கு நூறு கிலோமீற்றர் முன்னாலேயே ஏதாவது கோதுமை வயலைத் தேட வேண்டும். சரியான கணக்கில் போனால் இறங்கிய பிறகும் தாங்கியில் எண்ணெய் மிச்சம் இருக்கும். சிங்கப்பூர் 2,700ஐத் தாண்டும், அதற்கு எலீட் போதாது. 2022இல் அறிமுகமான எலீட் 2, அதற்கு 1,547 கடல் மைல், அதுதான் ஒரு மாதிரி எட்டிப் பிடிக்கும்.

அப்புறம், "2015இல் திடீரென்று விமானத் தொழிலில் குதித்த கார்க் கம்பனி" என்று எழுதியிருக்கிறீர்கள். திடீரென்றா? இதை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

ஹொண்டாவை ஆரம்பித்த சொய்சிரோ ஹொண்டா ஒரு கொல்லனுடைய மகன். 1917இல், அவருக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும்போது, ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி ஹமமட்சு ஊரில் விமானம் ஓட்டிக் காட்ட வந்தார். வீட்டுக்குத் தெரியாமல் அப்பாவின் சைக்கிளை எடுத்து, சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத அந்தப் பொடியன், இருபது கிலோமீற்றர் மிதித்துக்கொண்டு போனானாம். போனால் உள்ளே விடக் காசு கேட்கிறார்கள். கையில் இருந்தது போதவில்லை, மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். அந்தப் பொடியன்தான் பின்னாளில், 1962இல், நாங்கள் சிறிய விமானமும் செய்வோம் என்று அறிவித்தார். அவர் 1991இல் காலமானார். கம்பனியின் முதல் சோதனை ஜெட் பறந்தது 1993இல். இரண்டு வருஷம் பிந்திவிட்டது.

வேலை தொடங்கியது 1986இல். மிச்சிமாசா புஜினோ என்ற இளம் பொறியியலாளர், தோக்கியோ பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்தவர்தான், ஆனால் கார் செய்யலாம் என்ற ஆசையில் ஹொண்டாவில் சேர்ந்தவர். அவரை இன்னும் சிலரோடு சேர்த்து அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போய் எடுத்த எடுப்பில் ஜெட் செய்யவில்லை, அதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். வேறொரு கம்பனியின் சின்ன விமானத்தை வாங்கி அதன் பாகங்களைக் கழற்றி, இழையும் பிசினும் கலந்த கூட்டுப்பொருளில் தாங்களே செய்து மாட்டிப் பார்த்தார்கள். வேலை பழக வந்த பையனுக்கு முதலில் பழைய மோட்டாரைக் கழற்றக் கொடுப்போமே, அதே முறை. அதற்குப் பிறகுதான் எம்எச்02 என்ற இரட்டை எஞ்சின் ஜெட், உடல் முழுவதும் கூட்டுப்பொருள். அதில் ஏற்றியது கனடாவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சின். அது விற்பனைக்கு இல்லை, பழகுவதற்கு மட்டும். பத்து வருஷம் செலவழித்தும் விற்க ஒரு விமானம் இல்லை என்றால் எந்தக் கம்பனி பொறுக்கும்? 1990களின் நடுவில் எல்லாவற்றையும் மூடிவிடும் நிலைக்கு வந்துவிட்டது. புஜினோ மேலிடத்தோடு மன்றாடித்தான் வேலையைக் காப்பாற்றினார்.

1997இல் ஒரு இரவு, தூக்கம் வராமல் கிடந்தபோது, எஞ்சினை இறக்கைக்கு மேலே வைத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்து, காகிதம் தேடிக் கிடைக்காமல் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் வரைந்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் ஆகாயத்துக்கு ஏறியது 2003 டிசம்பர் 3, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில். 2006இல் விற்பனைக்கு அறிவித்தார்கள், 2010இல் தருகிறோம் என்றார்கள். 2010இல் வந்தது விற்பனைக்குரிய வடிவத்தின் முதல் பறப்பு மட்டும், அதுவும் டிசம்பரில். எஞ்சினுக்கு அனுமதி கிடைத்தது 2013 டிசம்பரில். விமானத்துக்கு அமெரிக்க விமான நிர்வாகத்தின் அனுமதி 2015 டிசம்பரில். கணக்குப் போட்டால் 29 வருஷம். நான் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகள் வளர்ந்து, மகளைக் கட்டிக் கொடுக்கிற வரைக்கும் உள்ள காலம் அது. இதற்குத்தான் 'திடீரென்று' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

சரி, பேத்தியின் கேள்விக்கு வருவோம்.

பெரிய பயணிகள் விமானத்தில் எஞ்சின் இறக்கைக்குக் கீழே தொங்கும். சின்ன ஜெட்டுக்கு அது சரிவராது, வயிறு தரையோடு கிடக்கிற விமானம், கீழே தொங்கவிட்டால் எஞ்சின் ரோட்டைக் கூட்டும். ஆகவே வால் பக்கம், உடலின் இரண்டு புறமும் ஒட்டிவிடுவார்கள். லியர்ஜெட் தொடங்கி செஸ்னா சைட்டேஷன் வரை பெரும்பாலும் அப்படித்தான். அதில் என்ன கஷ்டம் என்றால், அந்த எஞ்சின்களைப் பிடித்துக்கொள்ள உடலுக்குள்ளே பலமான சட்டங்கள் போட வேண்டும். அதுவே பின்பக்க இடத்தைத் தின்றுவிடும். எஞ்சினின் அதிர்வும் சத்தமும் அந்தச் சட்டங்கள் வழியாக நேரே ஆட்கள் உட்காருகிற இடத்துக்கு வரும். ஒரு மோட்டாரைச் சுவரில் அடித்து வைத்தால் அடுத்த அறைத் தூக்கம் போச்சு, அது ஸ்டோரில் வேலை செய்த எவனுக்கும் தெரியும்.

அப்படியானால் இறக்கைக்கு மேலே வைத்துவிட்டுப் போகலாமே, ஏன் யாரும் வைக்கவில்லை? வைத்தார்கள். உங்கள் கட்டுரையில் 'உலகிலேயே முதல் முறையாக' என்று இருக்கிறது, அதுவும் பிழை. ஜேர்மனியில் விஎஃப்டபிள்யூ 614 என்ற பயணிகள் விமானம் 1971இலேயே எஞ்சினை இறக்கை மேல் வைத்துப் பறந்தது. மொத்தம் 19தான் செய்தார்கள், வியாபாரம் ஓடவில்லை. ஹொண்டா செய்தது வேறு, வேகமான ஒரு சின்ன ஜெட்டில் அதை நஷ்டமில்லாமல் செய்தது.

அதில் என்ன நஷ்டம்? இதை விசிறியை வைத்துச் சொல்கிறேன். கொழுந்து வாட்டுகிற விசிறியின் வாய்க்குக் கிட்ட யாராவது ஒரு கூடையை வைத்துவிட்டுப் போனால், பத்தடி தூரத்தில் நிற்கும்போதே சத்தம் மாறிவிட்டது தெரியும், காற்று நெருக்கடியான இடத்தில் திணறி வேகமாகப் பிதுங்கும். இறக்கைக்கு மேலே போகிற காற்று ஏற்கெனவே விமானத்தை விட வேகமாக ஓடுகிற காற்று. விமானமே மணிக்கு 780 கிலோமீற்றரில் போகும்போது, இறக்கை மேல் சில இடங்களில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அந்த இடத்தில் எஞ்சினின் கூட்டையும் கொண்டுபோய் வைத்தால், கூட்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் உள்ள சந்தில் காற்று இன்னும் வேகமெடுத்து, ஒலியின் வேகத்தைத் தாண்டி, அதிர்ச்சி அலை என்கிற ஒரு சுவர் எழும்பும். அது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும், எண்ணெயைக் குடிக்கும். இதனால்தான் பாடப் புத்தகம் படித்தவர்கள் எல்லாரும் 'இறக்கை மேல் எதையும் வைக்காதே' என்றார்கள்.

புஜினோ கண்டுபிடித்தது, எஞ்சினின் வாய்க்கு நேர் முன்னால் காற்று சற்றுத் தயங்குகிறது என்ற விஷயத்தை நல்லதுக்குப் பயன்படுத்தலாம் என்பது. கூட்டை இறக்கையின் பின்பகுதிக்கு மேலே, சரியான உயரத்தில், உடம்பிலிருந்து சரியான தூரத்தில் வைத்தால், அந்தத் தயக்கம் இறக்கை மேல் காற்று அளவுக்கு மீறி வேகமெடுக்கிற இடத்தில் போய் விழும். அங்கே வேகம் அடங்கும், அதிர்ச்சி அலை பலம் குறையும். கெடுதல் செய்யும் என்று பயந்த பொருளே, வேகமாகப் போகும்போது இழுவையைக் குறைக்கிறது. இடம் கொஞ்சம் பிசகினால் எல்லாம் தலைகீழ். ஆகவே காற்றை வேகமாக ஓட விட்டுச் சோதிக்கிற காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்து, விமானவியல் சஞ்சிகையில் கட்டுரையாகவும் எழுதி, படித்தவர்கள் வாயை அடைத்தார்கள். கனமான எஞ்சினை மெல்லிய இறக்கையில் தூக்கி வைத்தால் இறக்கை துணி மாதிரிப் படபடக்கும் ஆபத்தும் உண்டு, அதற்கும் தனியாகச் சோதனை செய்தார்கள். 'அழகுக்காக' என்று எழுதியவரை ஒரு நாள் அந்தக் காற்றுச் சுரங்கத்துக்குள் உட்கார வைத்தால் தேவலை.

எஞ்சின் இறக்கைக்குப் போனதால் உடலின் பின்பக்கம் காலியானது. அங்கேதான் சாமான் அறையும், கதவு போட்ட கழிவறையும். நீளம் 13 மீற்றர், இறக்கை நுனிக்கு நுனி 12 மீற்றர் சொச்சம் உள்ள விமானத்தில் கதவு போட்ட கழிவறை என்பது உங்கள் கட்டுரையில் வந்த தோல் இருக்கையை விடப் பெரிய விஷயம், பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வருகிற பெண்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, உயரம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. முழுச் சுமையோடு கிளம்பும்போது முதல் மாதிரியின் எடை 4,800 கிலோ. கொழுந்து ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு வருகிற லொறியைப் பக்கத்தில் நிறுத்தினால் விமானம்தான் கூச்சப்படும்.

எஞ்சினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. எச்எஃப்120 என்று பெயர், ஜெனரல் எலக்ட்ரிக்கும் ஹொண்டாவும் கூட்டுச் சேர்ந்து செய்தது. முன்னால் இருக்கிற விசிறியின் குறுக்களவு 47 சென்ரிமீற்றர், என் ஸ்டோர் விசிறிக்குள் ஒளித்து வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு எஞ்சினும் 2,050 இறாத்தல் உந்துவிசை தரும், கிலோவில் சொன்னால் 930. இலைகளும் நடுச் சக்கரமும் தனித்தனியாகப் பொருத்தினது இல்லை, ஒரே டைட்டானியக் கட்டியில் கடைந்து எடுத்தது. விசிறி இழுக்கிற காற்றில் ஒரு பங்குதான் எஞ்சினின் வயிற்றுக்குள் போய் எரிகிறது, கிட்டத்தட்ட மூன்று பங்கு சுற்றி வெளியால் ஓடித் தள்ளுகிறது. சத்தமும் குறையும், எண்ணெயும் மிச்சம். பிரித்துப் பழுது பார்க்கிற பெரிய வேலை 5,000 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை! நான் ஒரு ரோலர் பெயரிங்கிடம் வாழ்நாள் முழுவதும் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத ஆயுசு.

உடல் காபன் இழையில் செய்தது, இறக்கை அலுமினியம். இறக்கையின் மேல்தோல் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று கலையாமல் ஒட்டிக்கொண்டு ஓடும். மூக்கின் வளைவு பற்றி ஒரு கதை, ஹவாயில் கடையில் பார்த்த பெண்களுடைய உயர்குதிச் செருப்பின் முனையைப் பார்த்துத்தான் அந்த வடிவம் வந்ததாம். புஜினோவே சொன்னது. உங்கள் கட்டுரைக்குப் பொருத்தமான விஷயம் அது ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டீர்கள்.

இனிக் குதிரைப் பந்தயத் திடல். கட்டுரையின் கடைசிப் பத்தியில், இந்த விமானம் அவ்வளவு சின்னது, நுவரெலியா பந்தயத் திடலிலேயே இறக்கிவிடலாம், உல்லாசப் பயணிகள் கட்டுநாயக்கவிலிருந்து அரை மணி நேரத்தில் ஏப்ரல் சீசனுக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் போனில் அனுப்பி, 'எங்களுக்கும் ஏர்போர்ட் வருது' என்று ஆரம்பித்துவிட்டார்கள். இனி அதை நம்பி யாராவது காணி விலையைக் கூட்டினாலும் ஆச்சரியமில்லை.

முதல் மாதிரிக்குக் கிளம்புவதற்கு 1,200 மீற்றருக்குக் கிட்ட ஓடுபாதை வேண்டும். பிறகு வந்த எலீட் அதை 1,100க்குள் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் கடல் மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில் போட்டது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுக்கும், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது எந்தப் பாடப் புத்தகமும் இல்லாமலே தெரியும். அதே காரணம்தான் விமானத்துக்கும், காற்று மெல்லியது. வெயில் ஏறிய பகலில் 20 பாகை என்று வைத்தால், அங்கே ஒரு கன மீற்றர் காற்றில் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குகூடத் தேறாது. காற்று மெலிந்தால் இறக்கைக்குத் தூக்குகிற பலம் குறையும், அதைச் சரிக்கட்ட இன்னும் வேகமாக ஓட வேண்டும். அதே மெலிந்த காற்றைத்தான் எஞ்சினும் மூச்சு விடுகிறது, ஆகவே தள்ளுகிற பலமும் குறையும். இரண்டு பக்கமும் அடி. துண்டுக் காகிதத்தில் நான் போட்ட கணக்கில் 1,200 மீற்றர் என்பது 1,900க்கு வந்து நிற்கிறது. இது பிட்டர் கணக்கு, விமானி தன் புத்தகத்தில் உள்ள அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்வார், ஆனால் 1,200இல் நிற்காது என்பதில் சந்தேகமே வேண்டாம். இரத்மலானை ஓடுபாதையே 1,800 சொச்சம் மீற்றர்தான். பந்தயத் திடலில் குதிரை வட்டமாக ஓடும். ஜெட்டுக்கு நேர்கோடு வேண்டும், அந்த நேர்கோட்டின் இரண்டு முனையிலும் மலை இருக்கக் கூடாது.

இறங்குவதிலும் பிரச்சினை இருக்கிறது. இந்த விமானத்தில் எஞ்சினின் உந்துதலைத் திருப்பி முன்னுக்கு அடிக்கிற ஏற்பாடு கிடையாது. நிற்பதற்குப் பெரும்பாலும் சக்கர பிரேக்தான் கதி. ஓடுபாதையை விட்டு விலகிப் போன விபத்துகளும் இந்த விமானத்துக்கு நடந்திருக்கின்றன. காலையில் வெயில், பத்து மணிக்குப் பனி, பின்னேரம் மழை என்று இருக்கிற ஊரில், புல்தரையில், இதை இறக்கச் சொல்கிறீர்கள்.

புல்லிலும் சரளையிலும் இறங்குகிற ஜெட் இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் கம்பனி செய்த பிசி-24, அதுவும் மலை நாட்டில் பிறந்ததுதான், 2017 டிசம்பரில் அனுமதி வாங்கியது, கிளம்ப 900 மீற்றர்கூட வேண்டாம். அவுஸ்திரேலியாவில் பறக்கும் வைத்தியர் சேவைக்காரர்கள் அதில் நோயாளிகளைப் படுத்த படுக்கையாகவே ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். பணக்காரர்களின் பறக்கும் கார் என்று தலைப்புப் போடுகிறவர்கள் அதையும் ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த 900 மீற்றரும் கடல் மட்டத்துக் கணக்கு. எங்கள் மலைக்கு இப்போது பொருத்தமானது காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் கிரெகரி வாவியிலும் இறங்குகிற மிதவை விமானம்தான், செஸ்னா கரவன், சுழல்விசிறி வைத்தது. தேயிலைக்கு நடுவில் வந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது இறங்குவதை மகளோடு போய் நின்று பார்த்திருக்கிறேன், ஜெட் இல்லையே என்று ஒரு குறையும் தோன்றவில்லை.

மலையைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, விமானப் பைத்தியம் தொற்றிய கதையும் அதுதான். 1974 டிசம்பர் 4. எனக்குப் பதினாலு வயது. இரவு, லயத்தில் எல்லாரும் படுத்தாயிற்று. மலைப் பக்கம் ஒரு பெரிய சத்தம். இடி என்றார் அப்பா. விடிந்த பிறகுதான் தெரிந்தது, ஏழு கன்னி மலையில் ஒரு விமானம் மோதிவிட்டது. மார்ட்டின் எயார் என்ற நெதர்லாந்துக் கம்பனியின் டிசி-8, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போகும் வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. 182 பயணிகள், 9 பணியாளர்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. அப்பா மற்ற ஆம்பிளைகளோடு மேலே ஏறிப் போனார். திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை, என்ன பார்த்தார் என்று கடைசி வரை சொல்லவும் இல்லை. அந்த விமானத்தின் சக்கரமொன்றை நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்வி, அவ்வளவு பெரிய இயந்திரத்தை ஓட்டியவர்களுக்கு முன்னால் மலை இருப்பது எப்படித் தெரியாமல் போனது? பின்னால் வாசித்துத் தெரிந்துகொண்டேன், அவர்கள் தாங்கள் இருக்கிற இடத்தைத் தவறாக நினைத்துவிட்டார்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று நம்பிக் கீழே இறங்கிவிட்டார்கள்.

ஹொண்டா ஜெட்டில் விமானிக்கு முன்னால் 14 அங்குலத் திரைகள் மூன்று, கீழே விரலால் தொட்டு இயக்குகிற திரைகள் இரண்டு, கார்மின் கம்பனியின் ஜி3000. வெளியே கும்மிருட்டாக இருந்தாலும், மேகமாக இருந்தாலும், முன்னால் உள்ள மலையைப் படம் வரைந்து காட்டும். செய்மதி வழியாகத் தான் எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்போதும் தெரியும். ஒரே ஒரு விமானி தனியாக ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 43,000 அடி வரை ஏறும், நம் நாட்டிலேயே உயரமான மலையான பிதுருதலாகலையை ஐந்து தடவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதற்கு மேலால் போய்விடும். உங்கள் கட்டுரையில் இந்தத் திரைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. சம்பேன் கிளாஸ் வைக்கிற குழியைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. வெளிநாட்டு விளம்பரத் தாளை அவசரத்தில் தமிழாக்கியிருப்பார், சனிக்கிழமை பின்னேரம் பக்கம் முடிக்க வேண்டிய கஷ்டம் யாருக்குத்தான் இல்லை. ஆனால் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயம் தமிழில் கிடைப்பது உங்கள் பத்திரிகையில்தான். அவர்கள் அதை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

என் பேத்தியும் வைத்துக்கொண்டாள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறாள், செயற்றிட்டக் கொப்பியில் உங்கள் கட்டுரையை ஒட்டி, பக்கத்தில் நான் சொன்னதைப் படமாக வரைந்து, 2,299 என்பதைப் பென்சிலால் கோடிட்டு 2,661 என்று திருத்தி எழுதினாள். ஆசிரியை சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு மறுபடியும் 2,299 என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். "பேப்பர்ல அப்படித்தானே போட்டிருக்கு" என்றாராம். ஆகவே இந்த ஞாயிறு இல்லாவிட்டாலும் அடுத்த ஞாயிறாவது, மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், கடல் மைல் கணக்கை மட்டும் நாலு வரியில் திருத்திப் போட்டால் அவள் அதையும் வெட்டி ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டுவாள். கொப்பி கொடுக்க இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை பிட்டர் ஒருவர்,
நோட்டன் பிரிட்ஜ்.